போர்வைப் பாட்டு

என் மகன் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசியபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கம் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவர் போகவில்லை. நடு ஹாலில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் என் கணவரின் பெரியப்பா. என் மாமியாருடைய அக்காவைக் கட்டியவர். நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். கீழப்பாவூரில் பிறந்து, வேலைக்காகக் கோவில்பட்டி போய், அங்கேயே தலைமையாசிரியராக ஓய்வு பெற்றுத் தங்கிவிட்டவர். ஊர்க்கோயில் திருவிழாவில் ஒருநாள் மண்டகப்படி அவர்கள் குடும்பத்துக்கு உண்டு. வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். எதைப் பேசினாலும் அசெம்பிளியில் பேசுவதைப் போலப் பேசுவார். நாமும் அறியாமல் கைகட்டிக்கொள்வோம்.

தென்காசியில் வீடு இருப்பவர்களுக்கு ஆனியிலும் ஆடியிலும் உறவினர்கள் அதிகம். சாரல் தொடங்கியதும் போன் வரத் தொடங்கும். எடுத்தவுடன் "விழுதா?" என்றுதான் கேட்பார்கள். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்த பிறகுதான் நாங்கள் நலமா என்ற கேள்வி வரும். விழவில்லை என்று ஒருமுறை பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் போன் செய்வார்கள். குத்துக்கல்வலசையில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறைகள்தான். சீசனில் ஹாலில் பாய் விரித்தால் சமையலறை வாசல்வரை கால்கள் நீண்டிருக்கும். எல்லா நாற்காலி முதுகிலும் ஈரத்துண்டு தொங்கும்.

அந்த ஆண்டு சாரலுக்கு முன்பே ஒரு பாட்டு வந்துவிட்டது. சினிமாப் பாட்டு அல்ல, இப்போது இளைஞர்கள் தனியாகப் போடுகிறார்களே, அந்த ஆல்பம் பாட்டு. இப்படித் தொடங்கும்:

குளிருது மாமா குளிருது
போர்வைய இழுத்து மூடு

இதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. மூன்றாவது வரியில், அந்தப் போர்வைக்குள் என்ன நடக்கிறது என்று வருகிறது. நாலாவது வரியில், எப்படி நடக்கிறது என்று வருகிறது. அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் அப்பா இதை வாசிக்கக்கூடும்.

டீக்கடையிலும் பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் அந்தப் பாட்டுத்தான். தொலைக்காட்சியில் நான்கு பேரை நான்கு கட்டத்தில் உட்காரவைத்து விவாதம் நடத்தினார்கள். எழுதியவர், தாம் ஊட்டிக் குளிரைப் பற்றித்தான் எழுதியதாகச் சொன்னார். ஒரு பெரியவர் பாட்டைக் கண்டிப்பதற்காக அதை முழுவதும் வாசித்துக் காட்டினார். யாருக்காவது கேட்காமல் போயிருக்குமோ என்று மறுபடியும் வாசித்தார். பாடிய பெண், இதையே ஆண்கள் பாடும்போது நீங்களெல்லாம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள். எனக்கு அவள் கேட்டது சரி என்று பட்டது. எதிர்க்கட்டத்தில் இருந்த அம்மா, பிள்ளைகள் காதில் விழுகிறதே என்று வருந்தியபோது அதுவும் சரி என்று பட்டது. எனக்கு எப்போதும் இப்படித்தான். பால் காய்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பிப் போகிறவள் நான்.

மகன் அப்போது மழலையர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான். அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. பள்ளி வேனில் அந்தப் பாட்டு ஓடுகிறது என்று ஒரு அம்மா எழுதினாள். எந்தப் பாட்டு என்று இன்னொரு அம்மா கேட்க, அவள் லிங்க் அனுப்பினாள். எல்லோரும் கேட்டுவிட்டு முகம் சிவந்த பொம்மை போட்டார்கள். பிறகு, டிரைவருக்கு நாகரிகமாக ஒரு செய்தி எழுத வேண்டும், யார் எழுதுவது என்ற பேச்சு வந்தது. நான் தமிழில் எம்.ஏ. முடித்தவள் என்பது குழுவில் தெரிந்துபோயிருந்தது.

கண்டிக்கும் முன் கண்டிக்கப்படுவதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, பாட்டைப் பொறுமையாக மூன்று முறை கேட்டேன். பிறகு எழுதினேன். 'இளம் செவிகளில் நஞ்சு கலவாதிருக்க' என்று அதில் ஒரு தொடர் வந்தது. அனுப்பிய பிறகு, நஞ்சு என்பது கொஞ்சம் அதிகமோ என்று உறுத்தியது. அழிக்கப் போவதற்குள் எல்லோரும் கும்பிட்ட கைகளைப் போட்டுவிட்டார்கள். குழுவிலிருந்து டிரைவருக்கு அது போனதும் அவர் ஒரு கட்டைவிரலைப் போட்டார். மறுநாளிலிருந்து வேனில் முருகன் பாட்டு ஓடியது.

இத்தனை செவிகளுக்காகக் கவலைப்பட்ட எனக்கு, என் வீட்டில் இருந்த கவலை வேறு. நாலு வயதை நெருங்கிய மகன் இன்னும் பேசவில்லை. அம்மா, தா, போ, வா. இவ்வளவுதான். மற்றதெல்லாம் விரல் நீட்டல். காது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னார்கள். கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார்கள். வசம்பை இணையத்தில் தேடினேன், கூடாது என்று இருந்தது. மணித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். கொதிக்கவைத்ததால்தான் பலிக்கவில்லை என்று மாமியார் இன்றும் நம்புகிறார்.

பாளையங்கோட்டையில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் வாரம் ஒருமுறை கூட்டிப்போனோம். என்னைவிடச் சின்னவள். பிள்ளைக்குப் போனைக் காட்டக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அடுத்துச் சொன்னதுதான் எனக்கு வேதமாகிவிட்டது.

"அவன் எதச் சொன்னாலும் திருத்தாதீங்கக்கா. அவன் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்க. கூட ஒரே ஒரு வார்த்தை சேத்துக்கோங்க. தண்ணின்னு சொன்னா, குடிக்கத் தண்ணின்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

நான் சொன்னதைச் செய்கிறவள். அவன் "தா" என்றால் நான் "பந்து தா" என்பேன். "போ" என்றால் "வெளிய போ" என்பேன். வாசலில் நின்ற கூரியர்காரர் ஒருமுறை இதைக் கேட்டுவிட்டுப் பார்சலை வைத்துவிட்டுப் போயே விட்டார்.

இந்த நிலையில்தான் பெரிய மாமாவும் பெரிய அத்தையும் பேரன் பேத்திகளோடு சாரலுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த மறுநாள் காலை, நல்ல குளிர். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் முதல் நாள் விவாதத்தை மறுபடி போட்டார்கள். பெரிய மாமா காபியைக் கீழே வைத்தார்.

"நாடு எங்கன போய்க்கிட்டு இருக்கு பாத்தியாடே. போர்வையாம். இழுத்து மூடணுமாம். மூணாவது வரியக் கேட்டியா நீ?"

என் கணவர் வீரகேரளம்புதூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்ப்பவர். தினமும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் பைக்கில் போகிறார். முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, "கேக்கலயே பெரியப்பா. என்ன வருது?" என்றார்.

"சொல்லக்கூடிய வரியா அது."

"பொம்பளையளு எல்லாம் அடுக்களைல இருக்காங்க. சும்மா சொல்லுங்க."

பெரிய மாமா கழுத்தை நீட்டி ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். முப்பது வருடம் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவருடைய தாழ்ந்த குரல். அடுக்களையில் எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. பெரிய அத்தை தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "மனப்பாடமா வச்சிருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

அப்போது மகன் தூங்கி எழுந்து வந்தான். பனியனும் கலைந்த தலையுமாக ஹாலில் நின்று எல்லோரையும் பார்த்தான். நேராகப் பெரிய மாமாவிடம் போனான். அவர் போர்த்தியிருந்த சால்வையின் நுனியைப் பிடித்து இழுத்தான்.

"குளுதுது மாமா குளுதுது. போவ்வைய இழுத்து மூது."

ராகத்தோடு சொன்னான். நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். என் கண்முன் அந்த வாக்கியம் பிரிந்து பிரிந்து தெரிந்தது. விளி இருக்கிறது. செயப்படுபொருள் இருக்கிறது. இழுத்து என்று ஒரு வினையெச்சம்கூட இருக்கிறது. வா, போ என்று இரண்டு எழுத்துக்குள் வாழ்ந்த பிள்ளை வினையெச்சம் சொல்கிறான். ஓடிப்போய் அவன் முன்னால் மண்டியிட்டேன். திருப்பிச் சொல்ல வேண்டும், ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறேன் என்பதெல்லாம் மறந்துவிட்டது.

"குளிருது மாமா குளிருது" என்றேன் சத்தமாக. "போர்வைய நல்லா இழுத்து மூடு."

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தேன். நான் மாமா என்று கூப்பிடும் ஒரே மனிதர், என் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில், சால்வையை இரண்டு கையாலும் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் கணவர் எழுந்து, எதையோ எடுக்கப் போகிறவர் போல மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மேலிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"என்னம்மா இது" என்றார் பெரிய மாமா. "பிள்ளைக்கு நீயே சொல்லிக் கொடுக்கே? பேசுறதுக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா?"

என் மாமியார் தோசைக்கரண்டியோடு வெளியே வந்தார். அந்தப் பாட்டு டிவியில் வந்தால் சேனலை மாற்றுகிறவர் அவர்தான். பெரிய மாமாவின் முன் உட்காரக்கூட மாட்டார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அத்தான். எத்தன கோயில் ஏறி எறங்கியிருக்கேன். பிள்ள இன்னைக்குத்தான் வாயத் தொறந்துருக்கான். எதச் சொன்னா என்ன? குளுருதுங்கான், அந்தச் சால்வையக் குடுங்க."

பெரிய மாமா சால்வையைக் கொடுத்தார்.

அன்றே பாளையங்கோட்டைப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் சந்தோஷத்தில் கத்தினாள். "ராகம் இருந்தா அவனுக்கு வார்த்த ஈஸியா வருதுக்கா. அதப் பிடிச்சுக்கோங்க. நீங்க பாடிட்டே வந்து, பாதியில நிறுத்துங்க. மிச்சத்த அவன் போடுவான். அப்புறம் அவனே வார்த்தைய மாத்திப் போட ஆரம்பிப்பான்." எந்தப் பாட்டு என்று கேட்டாள். சொன்னேன். "பரவால்லக்கா" என்றாள்.

ஆனால் வீட்டில் பெரிய மாமா இருந்தார். என் செய்தியில் நஞ்சு இருந்தது. என்ன செய்யலாம் என்று இரவு முழுக்க யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தேன். ராகம் அப்படியே இருக்கட்டும். 'மாமா' மட்டும் வேண்டாம், 'அம்மா' என்று வைக்கலாம். 'இழுத்து மூடு' கொஞ்சம் ஒரு மாதிரியாக இருக்கிறது, 'போர்த்தி விடு' என்றால் கண்ணியமாக இருக்கும். எம்.ஏ. படித்ததற்குப் பயன் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

காலையில் பாடினேன். "குளிருது அம்மா குளிருது, போர்வையைப் போர்த்தி..."

நிறுத்திவிட்டு அவன் வாயைப் பார்த்தேன். அவன் என் வாயைப் பார்த்தான். ஒருவேளை நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தானோ என்னவோ. மறுபடி பாடினேன். எழுந்து போய்விட்டான். மத்தியானம் பாடியபோது என் வாயைக் கையால் பொத்தினான். அதன் பிறகு வாயே திறக்கவில்லை. பாட்டு மட்டுமல்ல, வழக்கமாகச் சொல்லும் தா, போகூட இல்லை. மறுநாளும் அப்படியே. விரலை மட்டும் நீட்டினான்.

மாமியார் அடுக்களையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "வந்த பேச்சும் போயிட்டோ" என்று அடுப்பிடம் கேட்டார். வேறு பிள்ளைகளுக்கு வார்த்தை வந்து, பிறகு நின்றுபோன கதைகளை எல்லாம் இணையத்தில் வாசித்தேன். வாசிக்கக்கூடாது என்று தெரிந்தும் வாசித்தேன்.

பாட்டைப் போனில் போட்டும் பார்த்தேன். போனைக் காட்டக்கூடாது என்பதால் அரிசி டிரம்முக்குள் வைத்து மூடிப் போட்டேன். அவன் பாட்டை விட்டுவிட்டுப் போனைத் தேட ஆரம்பித்தான். பெரிய அத்தை டிரம்மின் மேல் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒங்க வீட்டு அரிசி பாடுதே" என்றார்.

பாளையங்கோட்டைப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"திருத்துனீங்களா?"

"மாமாவ மட்டும்" என்றேன். பிறகு, "இன்னும் ரெண்டு வார்த்தை" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "அது அவன் பாட்டுக்கா. முதல்ல அவன் கேட்ட மாதிரியே கேக்கட்டும். எங்க கேட்டான்?"

வேனில்தான் கேட்டிருந்தான். ஜன்னலோர இருக்கையில், முருகன் பாட்டு வருவதற்கு முந்தைய நாட்களில்.

வேன் டிரைவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். ஐம்பது வயதிருக்கும். சனி, ஞாயிறுகளில் அதே வேனைச் சீசனுக்கு வாடகைக்கு ஓட்டுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் உறவினர்களை ஐந்தருவிக்குக் கூட்டிப்போக அவரைத்தான் சொல்லியிருந்தோம். விடிந்ததும் வந்துவிட்டார். மரியாதை கருதிப் பெரிய மாமாவை முன் இருக்கையில் உட்காரவைத்தோம். நான் அவருக்குப் பின்னால், மகனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முருகன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வண்டி தெருவைத் தாண்டியது. இப்போது கேட்காவிட்டால் அருவி வந்துவிடும்.

"அண்ணாச்சி" என்றேன். "வேற பாட்டு இருக்கா?"

"இருக்கே டீச்சர். ஐயப்பன் போடவா?"

நான் டீச்சர் இல்லை. அந்தச் செய்தி போன நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"இல்ல அண்ணாச்சி. முன்னால போடுவீங்களே. பிள்ளைக்குப் பிடிச்ச ஒரு பாட்டு."

"எதச் சொல்லுதீங்க?" கண்ணாடியில் அவர் கண் என்னைப் பார்த்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "எடுப்பு எப்படின்னு சொன்னீங்கன்னா சட்டுனு போட்டுருவேன்."

பெரிய மாமாவின் பின்னங்கழுத்து என் முன்னால் நிமிர்ந்து நின்றது. மகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

"குளிருது மாமா குளிருது."

"அதுவா" என்றார் அண்ணாச்சி. "இளம் செவிக்கு ஆகாதுன்னு எழுதியிருந்தீங்களே. எங்க வீட்டுல வாசிச்சுட்டுக் கண்ணு கலங்கிட்டா. அப்படி ஒரு தமிழு."

"போடுங்க அண்ணாச்சி" என்றார் என் மாமியார் பின்னாலிருந்து. "பிள்ள பேசணும்."

அண்ணாச்சி பொத்தானை அழுத்தினார்.

பாட்டு வந்தது. முதல் வரி, இரண்டாம் வரி. மகன் அசையவில்லை. மூன்றாவது வரி வரப்போகும் நேரத்தில் பெரிய மாமாவுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. வேன் அதிரும் இருமல். நாலாவது வரி முடியும்வரை இருமினார். ஐந்தாவது வரியில் சரியாகிவிட்டது. அடுத்த சுற்றில் அதே இடம் வந்ததும் மறுபடி இருமல். பாட்டை எவ்வளவு நுட்பமாகத் தெரிந்துவைத்திருக்கிறார் என்று எனக்கு வியப்பாக இருந்தது. எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்பதில் ஒரு அசைகூடப் பிசகவில்லை.

"வெந்நி குடிக்கீங்களா?" என்று பெரிய அத்தை பிளாஸ்க்கை நீட்டினார். "தொண்டைக்குள்ள போர்வை மாட்டிக்கிட்டு போல."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மாமா திரும்பவில்லை. ஆனால் அவர் காது மடல் சிவந்திருந்தது.

பாட்டு முடிந்தது. மகன் பேசவில்லை. அண்ணாச்சி யாரும் சொல்லாமலே மறுபடி போட்டார். முதல் வரி போனது. இரண்டாம் வரி போனது. மூன்றாவது வரி வந்தபோது பெரிய மாமா இருமினார். என் மடியிலிருந்தும் ஒரு இருமல் வந்தது.

குனிந்து பார்த்தேன். மகன் வாயைக் குவித்து, தலையை முன்னால் தள்ளி, அவரைப் போலவே இருமினான். நாலாவது வரி முடிந்ததும் அவனும் நிறுத்தினான். பெரிய மாமா மெல்லத் திரும்பிப் பார்த்தார். மகன் அவரைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த சுற்று வந்ததும் ஆரம்பத்திலிருந்தே பிடித்துக்கொண்டான்.

"குளுதுது மாமா குளுதுது. போவ்வைய இழுத்து மூது." பிறகு இரண்டு வரிக்கு இருமல்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பின்னாலிருந்து மாமியாரின் கை என் தோளைப் பிடித்தது. ஐந்தருவிக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் பாட்டு அப்படித்தான் ஓடியது. இரண்டு வரி எல்லோரும் பாடுவார்கள், இரண்டு வரி தாத்தாவும் பேரனும் இருமுவார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் இப்படி ஒரு யோசனையை யாரும் சொல்லவில்லை.

அருவியில் நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் அலறினான். அலறலும் குரல்தானே என்று அதையும் சந்தோஷமாகக் கேட்டேன். துவட்டி, உடை மாற்றி, தலைக்குத் துண்டு கட்டிக் கூட்டி வந்தபோது ஆண்கள் ஏற்கெனவே குளித்துவிட்டு வேன் பக்கத்தில் நின்றிருந்தார்கள். பெரிய மாமா நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு, ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பஜ்ஜிக் கடை. எண்ணெய் வாசனை குளிருக்குள் வந்துகொண்டிருந்தது.

மகன் என் கையை விட்டான். கடையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். விரலை நீட்டுவான் என்று நினைத்தேன். அவன் பெரிய மாமாவிடம் போய், அவர் மாற்றிக் கட்டியிருந்த வேட்டியின் நுனியைப் பிடித்தான். உதட்டைச் சப்பிக்கொண்டு, எதையோ தேடுவதைப் போலக் கொஞ்ச நேரம் நின்றான்.

"பசிக்குது தாத்தா பசிக்குது" என்றான், அதே ராகத்தில். "பஜ்ஜிய..." நின்றான். நான் முடித்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். மாமியார் என் கையைக் கிள்ளினார். "பஜ்ஜிய வாங்கிப் போது."

இந்தப் பாட்டை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாமாவை எடுத்துவிட்டுத் தாத்தாவை வைத்திருந்தான். நான் அம்மாவை வைத்தபோது என் வாயைப் பொத்தியவன். குளிரை எடுத்துவிட்டுப் பசியை வைத்திருந்தான். இருக்கிற இடத்தைப் பார்த்து, எதிரே நிற்கிற ஆளைப் பார்த்து, தனக்கு வேண்டியதைச் சொல்லியிருந்தான். இப்போது நான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். எந்த வார்த்தை என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

பெரிய மாமா பிழிந்த வேட்டியைப் பெரிய அத்தையின் கையில் கொடுத்தார். நான் தினமும் செய்வதை இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பசிக்குதா ஐயா? தாத்தா பஜ்ஜி வாங்கிப் போடுதேன்" என்றார். பிறகு யோசித்துச் சேர்த்தார். "சூடா வாங்கிப் போடுதேன்."

கடைக்காரரிடம் வாழைக்காய் பஜ்ஜி கேட்டார். எண்ணெய் புது எண்ணெயா என்றும் கேட்டார். பதிலை நம்பாமல் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பேப்பரில் வாங்கிக்கொண்டு வந்து, வேனின் படியில் உட்கார்ந்து, பேரனை முழங்காலுக்கு இடையில் நிறுத்திக்கொண்டார். மகன் ஒரு கடி கடித்தான். கண்ணை மூடித் திறந்தான். பஜ்ஜியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"சுதுது தாத்தா" என்றான். "ஊது."

ராகம் இல்லாமல் சொன்னான். பெரிய மாமா ஊதினார்.